மிதவையில் கட்டின ஈயம்

பேய், பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எனக்குச் சிரிப்புதான் வரும் தம்பி, இப்பவும் அப்படித்தான், அதை முதல்ல சொல்லிட்டு மேல சொல்லுதேன், இல்லன்னா கிழவனுக்கு மூளை கலங்கிட்டுன்னு நினைப்பீங்க. பம்பாயில நாப்பது வருசம் பிளம்பர் வேலை பாத்தவன் நான். எத்தனை வீட்டுப் பேயை இந்தக் கையால ஓட்டியிருக்கேன் தெரியுமா? தாதர்ல ஒரு வீட்டுல சுவத்துக்குள்ள பொம்பள அழுகிற சத்தம் கேக்குதுன்னு பூசை எல்லாம் போட்டாங்க, நான் போயி ஒரு வாஷர் மாத்தினேன், அழுகை நின்னு போச்சு. சயான்ல ஒரு சேட்டு வீட்டுல தினம் காலையில யாரோ சுவத்தைத் தட்டுதாங்கன்னு பிள்ளைகளை ஊருக்கே அனுப்பிட்டாங்க, பாத்தா குழாய்க்குள்ள காத்து அடைச்சிருக்கு. வீட்டுல கேக்குற பேய்ச் சத்தத்துல முக்காவாசி தண்ணிச் சத்தம்தான்.

உங்க பையனோட மீன் தொட்டியில இந்த மெஷின் தானா தண்ணி விடமாட்டேங்குதுன்னு நீங்க மாடியில இருந்து என்னைக் கூப்பிட்டீங்க. நான் வந்ததும் மெஷினைப் பாக்காம, தண்ணி எந்தப் பாத்திரத்துல இருந்து வருதுன்னு கேட்டேன்லா, நீங்க ஒரு மாதிரியா பாத்தீங்க. பிளாஸ்டிக் டப்பான்னு சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. ஏன்னு சொல்லுதேன், நம்புனா நம்புங்க, இல்லன்னா பொழுது போச்சுன்னு வச்சுக்கிடுங்க.

அப்போ எனக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு இருக்கும், அறுபதுகள்ல நடுவுல. தாராவியில ஒரு கோலியில குடியிருந்தேன், கோலின்னா ஒரே ரூம்பு, அதுலயே அடுப்படி, அதுலயே படுக்கை. வேலை எல்லாம் மாட்டுங்காவுல, அங்க இருந்த ஐயமாருங்க வீட்டுல எல்லாம் குழாய்ன்னா முத்துதான். அந்த மாதிரி ஒரு வீடுதான் சாம்பசிவன் சார் வீடு, ரெண்டாவது மாடி. சாருக்குக் கோட்டைப் பக்கம், ஃபோர்ட்ல ஆபீஸு, காலையில எட்டரைக்குப் போனா ராத்திரி ஏழுக்குத்தான் வருவாரு. மாமி நல்ல மாதிரி, நான் போனா காப்பி குடுக்காம விடமாட்டாங்க. அவங்களுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. மூத்தவ கல்யாணமாகி டில்லியில இருந்தா. சின்னவ வசந்தா, பதினோரு வயசு, முந்தின வருசம் மழை சமயத்துல காய்ச்சல் வந்து ஒரே வாரத்துல போயிட்டா. நான் அந்தப் பிள்ளையை நாலஞ்சு தடவை பாத்திருக்கேன், ரெட்டைச் சடை, குழாயைக் கழட்டுனா பக்கத்துல உக்காந்து, "உள்ள என்ன இருக்கு முத்து"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பதில் சொல்லலன்னா விடாது.

அந்தப் பிள்ளை வளத்த மீனுதான் நான் சொல்ல வந்த மீனு. இரும்புச் சட்டம் போட்டு, பட்டிப் பசை வச்சு ஒட்டின ரெண்டடிக் கண்ணாடித் தொட்டி, அதுல ஒரே ஒரு தங்கமீன், கொஞ்சம் பாசி, நாலஞ்சு நத்தை. மீனுக்குப் பேரு துரை. தெனாவெட்டா நீந்துமாம், அதனால அந்தப் பேரு. தொட்டிக் கண்ணாடியில வெளிப்பக்கம், தண்ணி எது வரைக்கும் இருக்கணும்னு அந்தப் பிள்ளை சாந்தால ஒரு பொட்டு வச்சிருந்துச்சு. பால்கனியில ஒரு கண்ணாடி பாட்டில், குழாய்த் தண்ணியை அதுல பிடிச்சு ஒரு நாள் வெயில்ல வச்சு, மருந்து வாடை போனதும்தான் மீனுக்கு ஊத்தும், அதெல்லாம் அதுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. மத்தியானம் மூணரைக்கு ஸ்கூல் விட்டு வந்ததும், ஷூவைக் கூட கழட்டாம முதல் வேலை அதுதான்னு மாமி சொல்லுவாங்க. பிள்ளை போனதுக்கப்புறம் அந்த வேலையை மாமி எடுத்துக்கிட்டாங்க. பாட்டிலை மட்டும் தொடல, பால்கனிக் கட்டையில கழுவிக் கவுத்தின மாதிரியே கிடந்துச்சு. சார் தொட்டி இருக்கிற பக்கமே திரும்பமாட்டாரு. அவரோட நாக்காலியைக் கூட தொட்டிக்கு முதுகு காட்டித்தான் போட்டிருந்தாரு.

அந்த வருசம் மே மாசத்துல மாமி என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. டில்லி மகளுக்கு ரெண்டாவது பிரசவம், நாப்பது நாள் போயிட்டு வரணும்.

"முத்து, நீ ஏதாவது பண்ணிக் குடேன். ஜலம் குறையக் குறையத் தானா விழற மாதிரி. அவர் கிட்டயே வரமாட்டார். வேலைக்காரிகிட்ட விட்டா நேரா குழாய்ல பிடிச்சுக் கொட்டிடுவா, ஒரு தடவை அப்படிக் கொட்டி துரை பொழைச்சதே பெரிசு. சேமியாத் தூள் ஒரு சிட்டிகை போடறதுக்கு மட்டும் அவகிட்ட சொல்லியிருக்கேன்" அப்படின்னாங்க. அப்புறம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே, "அவ வெச்சுட்டுப் போனதுல உசிரோட இருக்கறது அது ஒண்ணுதாம்ப்பா. நான் திரும்பி வர்றச்சே அது இல்லேன்னா, எனக்கு இந்த ஆத்துக்குள்ள கால் வைக்க முடியாது"ன்னாங்க.

எனக்குப் பாவமா இருந்துச்சு. அதே நேரம், பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் திமிரும் வந்துச்சு. பம்பாயில யாரும் செய்யாத வேலை, நான் செய்யப் போறேன்னு. குர்லாவுல பழைய இரும்புக் கடையில ஒரு கார் கார்புரேட்டரைத் தேடிப் பிடிச்சு, அதுக்குள்ள பெட்ரோலை அடைக்கிற ஊசி இருக்கும்லா, அதை எடுத்தேன். சைக்கிள் கம்பியில ஒரு கை செஞ்சு, முனையில மேசைப்பந்து ஒண்ணை மிதவையா ஒட்டினேன். தண்ணி பொட்டுக்குக் கீழ இறங்கினா பந்து இறங்கும், ஊசி திறக்கும், மேல பலகையில இருக்கிற பாத்திரத்துத் தண்ணி செம்புக் குழாய் வழியா நூல் மாதிரி வரும். பொட்டுக்கு வந்ததும் பந்து ஏறி அடைச்சுடும். அவ்வளவுதான் விசயம்.

பாத்திரம் வேணுமேன்னு கேட்டேன். பழைய பெயிண்ட் டப்பா இருந்தா கூட போதும்னு சொன்னேன். மாமி உள்ள போயி அவங்க கல்யாணத்துக்குக் குடுத்த செம்புத் தவலையைத் தூக்கிட்டு வந்தாங்க. புளி போட்டுத் தேச்சு, முகம் பாக்கலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. "கொழந்தையோட மீனுக்குத் தகரத்துல ஊத்தறதா? செம்புல வெச்ச ஜலம்தான் சுத்தம். இதுல ஓட்டை போட்டுக்கோ"ன்னாங்க. சீர்த் தவலையில ஓட்டை போடச் சொல்லுதாங்க, பாத்துக்கிடுங்க. நான் ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் துளை போட்டேன். துளை போடும்போது மாமி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. மூணு நாளைக்கு ஒரு தடவை தவலையைத் தேச்சு, புதுத் தண்ணி பிடிச்சு வைக்கிறதுன்னு ஏற்பாடு, அது மட்டும் சார் பொறுப்பு. சோதிச்சுப் பாத்தோம், ஒரு குத்தம் இல்ல. மாமி திங்கக்கிழமை ரயில் ஏறினாங்க.

சனிக்கிழமை சார் ஆள் அனுப்பிட்டாரு. அரைநாள் ஆபீஸு முடிச்சு வீட்டுல இருந்தாரு. "முத்து, நீ பண்ணின யந்திரம் வேலை செய்யலையேப்பா. தவலையில ஒரு சொட்டு ஜலம் குறையலை. தொட்டி வத்திண்டிருக்கும், பாரு"ங்காரு, தொட்டியைப் பாக்காமலே. நான் போயி பாத்தா தவலை தளும்ப இருக்கு. தொட்டியும் சரியா பொட்டுக்கு நிக்குது. மே மாசம், மேல ஃபேன் ஓடுது, ரெண்டு நாளைக்கு ஒரு விரக்கடை தண்ணி குறையணும், இவ்வளவு நாள்ல ரெண்டு விரக்கடைக்கு மேல போயிருக்கணும்.

வால்வைக் கழட்டினேன். ஊசியில தூசி இல்ல, அடைப்பு இல்ல. வாளியில வச்சுப் பாத்தா பந்தை அமுக்கினா வருது, விட்டா நிக்குது. மாட்டிட்டு, தொட்டிக்குள்ளயும் ஒரு தடவை அமுக்கிப் பாத்தேன், நூல் மாதிரி தண்ணி வந்துச்சு. துரை சட்டுனு அடுத்த மூலைக்குப் போயி பாசிக்குள்ள தலையைச் சொருகிக்கிடுச்சு. புதுசுக்குப் பயப்படுதுன்னு நினைச்சேன், அதை அன்னைக்கே நான் கவனிச்சிருக்கணும், எங்க கவனிச்சேன்? சார் பிள்ளை நினைப்புல ரகசியமா ஊத்துதாரோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. கேட்டே புட்டேன். மனுசன் முகம் சுருங்கிப் போச்சு. "என்னால அதைப் பாக்கக்கூட முடியலப்பா"ன்னாரு. வேலைக்காரி சகுபாய் காலையில அவர் இருக்கும்போதே வந்துட்டுப் போறவ, அவளும் விட்டோபா சாமி மேல சத்தியமா தொடலன்னா.

புதன்கிழமை போனேன், அதே கதை. தவலை தளும்ப, தொட்டி பொட்டுக்கு. எனக்கு எரிச்சலா வந்துச்சு. செஞ்ச வேலை வேலை செய்யல, ஆனா வேலை நடக்குது, அப்போ நான் எதுக்கு? சாருகிட்ட சாவியை வாங்கிக்கிட்டேன். பக்கத்துத் தெருவுலதான் ஒரு கட்டடத்துக்குக் குழாய் போட்டுக்கிட்டிருந்தோம். வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கப்புறம் மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு, அந்த வீட்டுக்குள்ள போயி தொட்டிக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்தேன். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடுதேன்னு.

அந்த மத்தியானத்தை எப்படிச் சொல்லுதது தம்பி. மழைக்கு முந்தின வெக்கை, தெருவுல ஒரு சத்தம் இல்ல, எப்பவாவது ஹார்பர் லைன் வண்டி ஒண்ணு தூரத்துல போவும், அதுவும் தலையணைக்குள்ள கேக்குற மாதிரி. பால்கனி வெயில் தொட்டித் தண்ணியில பட்டு விட்டத்துல ஏறி, வெள்ளை வெள்ளையா வலை மாதிரி அசையுது. ஃபேன் போடல. ஆனாலும் தண்ணி அசையுது, வெளிச்சம் அசையுது, நானே ஒரு தண்ணிக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. மக்கை எடுத்துத் தொட்டியில இருந்து நாலு மக்கு மொண்டு வாளியில ஊத்தினேன். தண்ணி பொட்டுக்கு ரெண்டு விரக்கடை கீழ போயிட்டு. பந்து கூடவே இறங்கணும்லா?

இறங்கல. தண்ணிக்கு மேல ரெண்டு விரக்கடை உயரத்துல அந்தரமா நிக்குது. கம்பி துருப்பிடிச்சு மாட்டிக்கிட்டுன்னு நினைச்சு, பெருவிரலால பந்தை மெதுவா அமுக்கினேன். இறங்குச்சு. ஆனா மாட்டின கம்பி இறங்குற மாதிரி இல்ல. அடியில இருந்து யாரோ உள்ளங்கையைக் குடுத்துத் தாங்குற மாதிரி, ரொம்பச் சின்னக் கை. நான் அமுக்க அமுக்க அது பயப்படாம பதமா தாங்குது, விரலை எடுத்ததும் பந்தை மெதுவா மேல கொண்டுபோயி வைக்குது.

அப்புறம் தண்ணி ஏறிச்சு. சொட்டுற சத்தம் இல்ல, ஒண்ணுமில்ல, அடுப்புல பால் ஏறுற மாதிரி பைய ஏறி, சாந்துப் பொட்டுக்கு வந்து நின்னுட்டு. துரை பாசியை விட்டு வெளிய வந்து, கண்ணாடியில ஒரே ஒரு இடத்துல, ஒரு பிள்ளை குனிஞ்சா முகம் வருமே அந்த உயரத்துல, வாயை வாயைத் திறந்து நிக்குது. வாலை அப்படி ஆட்டுது. சுவத்துக் கடியாரத்தைப் பாத்தேன், மூணரை.

தூங்கிட்டீங்களா அண்ணாச்சின்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா வாளியைப் பாத்தா, மொண்டு ஊத்தின நாலு மக்கும் அப்படியே இருக்கு. வாளியிலயும் இருக்கு, தவலையிலயும் குறையல, தொட்டியிலயும் நெறைஞ்சிருக்கு. பால்கனியைத் திரும்பிப் பாத்தேன். கவுத்திக் கிடந்த பாட்டில் நிமிந்து நிக்குது, உள்பக்கம் ஈரம்.

வேற எவனா இருந்தாலும் எந்திரிச்சு ஓடியிருப்பான், இல்ல விழுந்து கும்பிட்டிருப்பான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? எனக்குக் கோவம் வந்துச்சு. பயத்துல வந்த கோவம்தான், இப்போ தெரியுது. இவ்வளவு பேய் ஓட்டினவனை ஒரு மேசைப்பந்து ஆட்டி வைக்குதான்னு. பையில ஈயம் கிடந்துச்சு, அப்போ குழாய் இணைப்புக்கு ஈயம் காய்ச்சி ஊத்துவோம். நெல்லிக்காய் பருமன்ல ஒரு துண்டை எடுத்து, கம்பியைச் சுத்தி, மிதவைக் கைக்கு நடுவுல கட்டினேன். தொட்டியில பாதித் தண்ணியை மொண்டு வெளிய கொட்டினேன். ஈயத்தை விட்டதும் அந்தக் கம்பி நடுங்குச்சு தம்பி. தாங்கப் பாத்துச்சு. ரெண்டு தடவை மேல வந்துச்சு. அப்புறம் முடியாம இறங்கிட்டு. ஊசி திறந்து தவலைத் தண்ணி வர ஆரம்பிச்சுது. பொட்டு வரைக்கும் வந்து, நான் நினைச்ச இடத்துல நின்னுது. "இப்போ என்ன செய்வே"ன்னு வாய்விட்டே சொன்னேன். சொல்லிட்டு வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலையில ஏழு மணி இருக்கும், தாராவியில எங்க சந்துக்குள்ள சாம்பசிவன் சார் வாராரு. வெள்ளை வேட்டி, செருப்பெல்லாம் சகதி, ஒவ்வொரு கோலியா முத்து வீடு எதுன்னு கேட்டுக்கிட்டு. அந்த மனுசன் அந்தச் சந்துக்குள்ள வருவாருன்னு நான் கனவுல கூட நினைச்சதில்ல.

"முத்து, துரை சாஞ்சு கெடக்குப்பா. சகுபாய் சத்தம் போட்டா, நான் போய்ப் பாத்தேன். மூச்சு வாங்கறது. நத்தை எல்லாம் செத்துப் போயிடுத்து. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

போயிப் பாத்தேன். ஒரு பக்கமா மிதக்குது, செவுள் மட்டும் வேகமா அடிக்குது. சார் அந்தப் பக்கம் திரும்பினதும் முதல் வேலையா ஈயத்தை அவுத்துப் பைக்குள்ள போட்டேன், வால்வை அடைச்சேன். அவர் பாக்கல. கையில கிடைச்ச லோக்கல் ரயிலைப் பிடிச்சு கிராஃபோர்டு மார்க்கெட்டுக்கு ஓடினேன், அங்க மீன் விக்கிற ஒரு முஸ்லீம் பெரியவர் இருந்தாரு. நடந்ததைச் சொன்னேன், கை விசயத்தைச் சொல்லல, மத்ததை. அவர் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, பானி எதுல வச்சீங்கன்னு. தவலைன்னு சொன்னதும் தலையில அடிச்சுக்கிட்டாரு. "தாம்பா? அரே பாய், மச்லி கோ ஜஹர் பிலாயா தும்னே!"

செம்பு நமக்கு மருந்து, மீனுக்கு விசமாம். அதுவும் புளி போட்டுத் தேச்ச செம்பு, நாள் கணக்குல நின்ன தண்ணி, கேக்கவே வேண்டாமாம். நான் செஞ்ச யந்திரம் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா, மாமி டில்லி போயி இறங்கின ரெண்டாம் நாளே அந்த மீன் செத்திருக்கும். பத்து நாளா அதை வேலை செய்ய விடாம ஒண்ணு தடுத்துக்கிட்டு இருந்திருக்கு. அதுல போயி நான் ஈயத்தைக் கட்டியிருக்கேன்.

பெரியவர் வழி சொன்னாரு, தொட்டித் தண்ணியை எடுத்துக்கிட்டே, மருந்து வாடை போன நல்ல தண்ணியைப் பைய விடணும், ஒரேயடியா மாத்தினா அதுலயே செத்துடும்னு. வீட்டுக்கு வந்து சாருகிட்ட சொன்னா, வீட்டுல இருக்கிற தண்ணி எல்லாம் செம்புலயும் பித்தளையிலயும்தான் இருக்கு. குழாய்ல தண்ணி காலையிலயே நின்னாச்சு. சார் அப்புறம் தானா பால்கனிப் பக்கம் பாத்தாரு.

"வசந்தா பாட்டில்ல ஜலம் இருக்குப்பா"ன்னாரு.

நான் தொட்டிக்குள்ள ரப்பர் குழாயைப் போட்டு, வாயால உறிஞ்சு, விசத்தண்ணியை வாளியில விட்டுக்கிட்டே குனிஞ்ச தலை நிமிராம இருக்கேன். குழாயை விட்டா கசடு கிளம்பிடும், மீன் மேல பட்டுடும். சார் பாட்டிலைக் கொண்டுவந்து, கண்ணாடி ஓரமா ஊத்துதாரு. காலி பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போறாரு, நெறைச்சுக் கொண்டு வாராரு. ஒரு வருசமா அந்தப் பக்கம் திரும்பாத மனுசன், "துரை, எழுந்திருடா, எழுந்திருடா கண்ணா"ன்னு அழுதுக்கிட்டே ஊத்துதாரு. எனக்கும் கண்ணு மறைக்குது. விட்டத்துல அதே வெளிச்ச வலை ஆடிக்கிட்டு இருக்கு, எவ்வளவு நேரம்னு தெரியல, அந்த வீட்டுல கடியாரமே ஓடாத மாதிரி இருந்துச்சு. பாட்டில் வர வர நான் எண்ணிக்கிட்டேன், தொழில் பழக்கம். பதினாறு பாட்டில். பதினாறாவது ஊத்தும்போது துரை ஒரு தடவை துடிச்சு, நிமிந்து, பாசிக்குள்ள போயிட்டு. சார் தரையிலயே உக்காந்துட்டாரு.

கொஞ்ச நேரம் கழிச்சு முகத்தைத் தொடைச்சுக்கிட்டு, "நல்ல வேளைப்பா, நீ இத்தனை ஜலம் எங்கேர்ந்து கொண்டு வந்தே"ன்னு கேட்டாரு.

"நான் எங்க சார் கொண்டு வந்தேன்? நீங்கதானே நெறைச்சுக் கொண்டு வந்தீங்க?"

"நானா? பாட்டிலைக் கொண்டுபோய்க் கட்டையில வெச்சுட்டு மூஞ்சியைத் தொடைச்சுப்பேன், பாத்தா ரொம்பியிருக்கும். நீதான் குடத்துல வெச்சுண்டு ரொப்பறேன்னு நினைச்சேன்."

"நான் தொட்டியை விட்டு நகரவே இல்லையே சார்."

குழாயைத் திறந்து பாத்தேன், காத்துதான் வந்துச்சு. அடுக்களையில தண்ணிக் குடம், அண்டா எல்லாம் வச்சது வச்ச மாதிரி தளும்ப இருக்கு. ரெண்டாவது மாடி, வாசல் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. சார் எந்திரிச்சுப் போயி, தொட்டிக்கு முதுகு காட்டிக் கிடந்த நாக்காலியைத் தூக்கித் தொட்டியைப் பாக்கத் திருப்பிப் போட்டு உக்காந்தாரு. நான் யந்திரத்தை முழுசாக் கழட்டி எடுத்துக்கிட்டேன். இனிமே நானே ஊத்திக்கறேன்னாரு. ஊத்தவும் செஞ்சாரு, மாமி வர்ற வரைக்கும், தினம் ஆபீஸுக்குப் போறதுக்கு முந்தி.

சரி, இதோட முடிஞ்சிருந்தா நான் கூட மறந்திருப்பேன். வயசுல ஏதோ மனசு மயங்கிட்டு, சாரே பதட்டத்துல பிடிச்சு ஊத்தியிருப்பாரு, மறந்திருப்பாருன்னு என்னையே சமாதானம் பண்ணியிருப்பேன்.

மாமி ஜூலையில வந்தாங்க, நல்ல மழை. தவலை ஓட்டையை அடைச்சுக் குடுக்கக் கூப்பிட்டிருந்தாங்க. துரை தெனாவெட்டா நீந்திக்கிட்டு இருக்கு, மாமி அதையே பாத்துக்கிட்டு சந்தோசமா காப்பி குடுத்தாங்க. மீன் சாகப் பொழைக்கக் கிடந்தது எதையும் சார் அவங்ககிட்ட சொல்லல, நானும் சொல்லல. ஈயம் கட்டினது சாருக்கே தெரியாது. உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் தவலை ஓட்டையில உருக்கிப் பத்த வைக்கிறதுக்குப் பையில இருந்து ஈயத்தை எடுக்குதேன். மாமி பக்கத்துல உக்காந்து சும்மா பேசிக்கிட்டு இருக்காங்க. பேச்சோட பேச்சா சொல்லுதாங்க, "டில்லியில ஒரு நாள், நான் போயி பத்து நாள் இருக்கும், வியாழக்கிழமைன்னு நினைக்கிறேன், மத்தியானம் கண்ணசந்தேன். வசந்தா வந்தா முத்து. வலது கையை இடது கையால தாங்கிண்டு நிக்கறா. 'கை ரொம்பக் கனக்கறதும்மா, தூக்கவே முடியலை'ங்கறா. அவளுக்கு ஜுரம்தானேப்பா வந்தது? கையில ஒண்ணுமே இல்லையே. ஏன் கைன்னு சொன்னா?"

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அந்த நெல்லிக்காய்த் துண்டு என் உள்ளங்கையில இருக்கு. அதைப் பத்த வைக்க மனசு வரல, வேற ஈயத்தை எடுத்து வேலையை முடிச்சேன். குடுத்த காப்பியைக் குடிக்காம வந்துட்டேன், மாமிக்கு வருத்தம்.

துரை அதுக்கப்புறம் நாலு வருசம் இருந்துச்சு. சார் ரிட்டயர் ஆனதும் அவரும் மாமியும் மெட்ராசுக்குப் போயிட்டாங்க, இப்போ ரெண்டு பேருமே இருக்கமாட்டாங்க. ஒரு தடவையாவது அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு தோணும், எங்க போயி கேக்க?

ஈயத்தை நான் தூக்கிப் போடல. தாராவியில இருந்து செம்பூர், செம்பூர்ல இருந்து இந்த ஐரோலி வரைக்கும் கூடவே வந்திருக்கு. இந்தா, பாருங்க. கம்பி சுத்தின தடம் கூட இருக்கு. பிடிச்சுப் பாருங்க. கனக்குதுல்லா? என் மகன் பிடிச்சாலும் கனக்குதுன்னுதான் சொல்லுவான், பேத்தி பிடிச்சாலும் அதையேதான் சொல்லுவா. ஈயம்னா கனக்கத்தானே செய்யும்.

இப்போ என் கையில வைங்க. நாப்பது வருசமா, எப்போ எடுத்து வச்சாலும், என் கையில மட்டும் இது கனக்கவே மாட்டேங்குது தம்பி. அடியில இருந்து ஒண்ணு தாங்கிக்கிடுது.